அலைமேல் ஒரு முதல் பாடம்



இந்த மலருக்கு "நம்ம வட்டார வரலாறு ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியும் ஒன்பது நகரக் கோயில்களைப் பற்றியும் நம் மலர்களில் ஏற்கெனவே நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இனிமேல் நான் எழுத என்ன இருக்கிறது? அதனால் வேறு பக்கம் போகிறேன். கடலில் பலகை மேல் நின்றுகொண்டு அலையோடு கரைக்கு வருகிறார்களே, அந்த அலைச்சறுக்கு நம் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்த வரலாற்றையும், நேமத்தான்பட்டிப் பையன் ஒருவன் பள்ளி முகாமில் அதன் முதல் பாடத்தைக் கற்றதையும் எழுதப் போகிறேன். நேமத்தான்பட்டிக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்து மேலே படிக்க வேண்டுகிறேன்.

கடல் கடந்த ஊர்கள்

நான் பிறந்து வளர்ந்தது நேமத்தான்பட்டி. எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஊருணி, கண்மாய், கிணறு. ஊருணி குடிக்க, அதில் கால் வைத்தால் அடி விழும். கண்மாய் நிறைந்த வருஷத்தில்தான் நீச்சல். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அண்ணன்மார்கள் தள்ளிவிடுவார்கள். கத்துக்கொண்டவன் பிழைத்தான். கத்துக்கொள்ளாதவனுக்குக் 'கடப்பாறை நீச்சல்' என்று பட்டம். மழை பொய்த்த வருஷங்களில் அதுவும் இல்லை. ஆகவே எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரியாதவர்களே அதிகம்.

ஆனால் இந்தச் செட்டிநாடு உருவானதே கடலால்தான். நகரத்தார் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தார்கள், கடல் பொங்கியதால் உள்நாட்டுக்கு வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வீட்டுத் தளத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவதற்கும் அந்தப் பழைய பயத்தையே காரணமாகச் சொல்வார்கள். பயந்து வந்தவர்கள்தான் மறுபடியும் கடலைத் தாண்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா என்று கொண்டு விற்கப் போனார்கள். முதலாளி ஊரில் இருக்க, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று ஒரு கூட்டமே கப்பலேறும். மூன்று வருஷக் கணக்கு முடிந்து திரும்புவார்கள். 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. நம் வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் அந்தக் கடல் வழியாக வந்தவைதான்.

இலங்கைக்குப் போக 1914 முதல் பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மலேயாவுக்குப் போக நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல். 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை மூன்று தலைமுறைகளை ஏற்றி இறக்கிய கப்பல் அது.

என் பாட்டனார், எங்கள் வழக்கில் ஐயா, ஒரு செட்டியார் கடைக்குச் சமையலாளாக ரங்கூன் போனவர். கடல் எப்படி இருந்தது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கடலை எங்கடா பாத்தேன்? போகையில மூணு நாளும் மேல்தட்டுல சுருண்டு படுத்துக் கெடந்தேன், வரையிலயும் அப்படித்தான்" என்பார். எங்கள் ஊர்க்காரர்களின் கடல் அனுபவம் பெரும்பாலும் இவ்வளவுதான். அவர்களுக்குக் கடல் ஒரு பாதை. அதில் காலை நனைத்தவர்கள் குறைவு. அலைக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் வேறு மக்கள். அவர்களிடம் இருந்த வித்தையை நாம் கேட்டுக் கற்றதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்தது அதைப் பற்றியே.

பலகை எங்கிருந்து வந்தது?

அலைச்சறுக்கின் தாய்வீடு பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகள். அதிலும் ஹவாய்த் தீவில்தான் அது முழுக் கலையாக வளர்ந்தது. அரசரும் ஆடினார், குடியானவரும் ஆடினார், பெண்களும் ஆடினார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'ஹேயெ நலு' என்று பெயர். ஹேயெ என்றால் சறுக்குதல், நலு என்றால் அலை. நாம் இன்று சொல்லும் 'அலைச்சறுக்கு' என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான்.

ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் 1778இல் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டு அவருடைய அதிகாரி ஜேம்ஸ் கிங், அந்த மக்கள் பலகையில் அலைமேல் வருவதைக் கண்டு தம் குறிப்பில் விரிவாக எழுதி வைத்தார். பிறகு வந்தவை நல்ல காலங்கள் அல்ல. வெளியார் கொண்டுவந்த நோய்களால் ஹவாய் மக்கள் கூட்டங் கூட்டமாக மடிந்தார்கள். 1820 முதல் வந்த பாதிரிமார்கள் இந்த விளையாட்டை வீண்பொழுது என்று ஒதுக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அது அழியும் நிலைக்கு வந்துவிட்டது.

அதை மீட்டு உலகத்துக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் டியூக் கஹானமோக்கு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர். போன இடமெல்லாம் பலகையையும் கொண்டுபோனார். 1914 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னிக் கரையில் மரத்தில் பலகை செய்து ஆடிக் காட்டினார். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் 1968இல் காலமானார். ஆசை நிறைவேறியது 2021இல், டோக்கியோ ஒலிம்பிக்கில்.

நம் கரையின் கட்டுமரம்

"எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. வரலாறு படித்தவன் என்ற முறையில் அப்படிச் சொல்ல மாட்டேன். அலைச்சறுக்கு நாம் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் அலையைக் கடக்கும் வித்தை நம் கரையில் வேறு யாருக்கும் சளைக்காமல் இருந்தது.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகவும் குறைவு. சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னரானாலும் சிப்பாயானாலும் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும். அது ஆணி இல்லாத படகு. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகும் 1881ஆம் ஆண்டுப் புயல் அதைப் பெரிதும் நாசமாக்கியது. அதுவரைக்கும் அதற்குப் பிறகும் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தது நம் கரையோர மக்களின் கைகள்தான்.

மசூலாப் படகும் போகமுடியாத கொந்தளிப்பில் கட்டுமரம் போகும். லேசான மரக்கட்டைகள் நாலைந்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கட்டுமரம். அது கவிழ்ந்தாலும் மூழ்காது; ஆள் ஏறிக்கொள்ளலாம். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகும் கட்டுமரக்காரர் அதைத் தண்ணீர் புகாத தொப்பிக்குள் வைத்துப் போவாராம். அலையில் விழுந்தவர்களைக் காப்பாற்றியதற்காகப் பதக்கம் பெற்றவர்களும் அவர்களில் உண்டு. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. இன்று மேல்நாட்டில் அதற்கு இரட்டைப் படகு என்று பொருள். சொல் நம்முடையது, பொருள் மாறிவிட்டது.

மீன் பிடித்துத் திரும்பும்போது கட்டுமரக்காரர் அலைக்கு வெளியே காத்திருப்பார். வரிசையாக வரும் அலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, தமக்கேற்ற அலை வந்ததும் துடுப்பை வலித்து அதன் முதுகில் ஏறிக் கரை சேர்வார். அவருக்கு அது விளையாட்டு அல்ல, வயிற்றுப்பாடு. ஆனாலும் அலைச்சறுக்குக்காரர் பழகுவதும் இதே கணக்கைத்தான்: எந்த அலை, எப்போது, எந்தப் பக்கம்.

கோவளம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தெற்கே இருப்பது கோவளம். கேரளத்துக் கோவளம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே ஒரு கோட்டை இருந்தது. ஆர்க்காட்டு நவாபின் கட்டுமானம். பிறகு பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1752இல் ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றி இடித்தார். கோட்டை போனது. மீனவர் குப்பம் நின்றது.

இந்தியாவில் அலைச்சறுக்குக்கு முறையான பள்ளி என்று பேசப்படுவது கர்நாடகத்தில் மங்களூருக்கு அருகில் உள்ள முல்கியில் 2004இல் தொடங்கிய மந்திரா சர்ஃப் கிளப். அதைத் தொடங்கியவர் 'சர்ஃபிங் சுவாமி' என்று பெயர் பெற்ற அமெரிக்கரான ஜாக் ஹெப்னர். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோயிற்று. குப்பத்துப் பிள்ளைகளே கடலைப் பார்க்கப் பயந்த காலம் அது.

அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்களில் ஒருவர் கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன். சிறுவயதில் மரப்பலகையை வைத்து அலையில் விளையாடியவர். வெளிநாட்டார் பலகையோடு ஆடுவதைப் பார்த்து, கேட்டு வாங்கித் தாமும் பழகிக்கொண்டார். பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தொழிலதிபர் அருண் வாசு துணை நிற்க, 2012இல் கோவளம் பாயிண்ட் சர்ஃப் பள்ளி உருவாயிற்று. 2013இல் அங்கே அலைச்சறுக்கு விழா நடந்தது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்திருந்தார். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புகை, குடி கூடாது, பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பது மூர்த்தி வைத்த நிபந்தனை. பலகை ஆசை காட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர் என்று அவரைச் சொல்லலாம்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. பலகை வெளிநாட்டது. பழக்கியவர்களில் வெளிநாட்டார் உண்டு. ஆனால் பத்தே ஆண்டுகளில் இந்தக் கரையில் ஆசிரியர் இடத்தில் நின்றவர்கள் மீனவ இளைஞர்கள். காரணம் எளிது. பலகையில் நிற்க ஒரு வாரத்தில் கற்கலாம். கடலைப் படிக்க ஒரு பிள்ளைப்பருவம் வேண்டும். அது அவர்களிடம் இருந்தது.

நம் ஊர்ப் பையனின் முதல் பாடம்

2019 ஜூலையில், என் பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டு, எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் 32 பேரை மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போனோம். மாமல்லபுரம் சிற்பங்கள், முதலைப் பண்ணை, இடையில் ஒரு காலை கோவளத்தில் அலைச்சறுக்கு. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் நான் துணைக்குப் போனேன்.

அனுப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு. எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "சார், இவனுக்குத் தண்ணில கண்டம்னு ஜோசியர் எழுதியிருக்காரு. செலயெல்லாம் பாக்கட்டும், கடல் மட்டும் வேணாம் சார்." அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஒரு தலைமுறைக்கு முன் ஒரு பிள்ளையைக் கண்மாயில் இழந்திருக்கிறார்கள். அவன் அப்பத்தா இன்னும் கண்மாய்க் கரைப் பக்கம் போவதில்லை. நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் அப்பா நேரில் வந்தார். ஒரே கேள்விதான் கேட்டார். "யாரு சார் சொல்லிக் குடுக்கிறது?" கோவளத்து மீனவப் பையன்கள், ஆளுக்கு மூன்று பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்வார்கள், இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்ட மாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எந்நேரமும் தண்ணிக்குப் பயந்துக்கிட்டே இருந்தா எப்படி சார்? தெரிஞ்சவுக கிட்ட ஒரு தடவ கத்துக்கிடட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் தாம்பரம் வரை போய், அங்கிருந்து வேனில் போனோம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடற்கரை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர்கள் பத்துப் பதினோரு பேர். பிள்ளைகள் "சார், சார்" என்றதும், "சார்லாம் வேணாம், அண்ணேன்னு கூப்டுங்க" என்றார்கள்.

பலகையை உடனே கொடுத்துவிடவில்லை. முதலில் எல்லாரையும் மணலில் உட்காரவைத்து, கடலைப் பார்க்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம் சும்மா பார்ப்பது. "அலை தனியா வராது தம்பி, கூட்டமா வரும். பெருசா நாலஞ்சு வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். எண்ணிப் பாருங்க" என்றார் எங்கள் குழுவுக்கு வந்த அண்ணன். பிள்ளைகள் எண்ணினார்கள். பிறகு கையை நீட்டி, "அதோ அங்க மட்டும் அலை உடையாம அமைதியா தெரியுதில்ல, அங்க எறங்கலாமா?" என்று கேட்டார். எல்லாரும் "எறங்கலாம்" என்றார்கள். "அங்கதான் எறங்கக் கூடாது" என்றார்.

அதை இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் உயிர் காக்கும் செய்தி இது. அலைகள் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல் பள்ளமான இடத்தில் ஒன்றுகூடி ஆற்றைப் போல் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அங்கே அலை உடையாது. ஆகவே பார்க்க அமைதியாக இருக்கும். உள்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதை நம்பித்தான் இறங்குகிறார்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி ஓய்ந்துபோகக் கூடாது. பதறாமல் மிதக்க வேண்டும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். இரண்டாவது விதி: கடலுக்கு முதுகு காட்டக் கூடாது.

பிறகு மணலில் பலகையைப் போட்டுப் பயிற்சி. தொடக்கக்காரர்களுக்கு மெத்தை போன்ற மேற்பரப்புள்ள நீளப் பலகை. மோதினாலும் காயம் குறைவு. பலகையிலிருந்து ஒரு கயிறு கணுக்காலில் கட்டப்படும். குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரை வலிப்பது, நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை ஊன்றுவது, ஒரே எழும்பலில் இரண்டு பாதங்களையும் பலகையில் வைப்பது, முழங்காலை மடக்கி நிற்பது. பார்வை கரையைப் பார்த்து இருக்க வேண்டும்; காலைப் பார்த்தால் விழுவது நிச்சயம். விழும்போது தலைகீழாகப் பாயாமல் பரவலாக விழவேண்டும், எழும்போது கையால் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பையன் மணலில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். தண்ணீருக்கு வந்ததும் நின்றுவிட்டான். முழங்காலளவுத் தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறான். முகம் வெளுத்துவிட்டது. நான் கரையிலிருந்து எதுவும் சொல்லவில்லை. அண்ணன் அவன் பக்கத்தில் போய் நின்று பேசினார். காற்றில் அரைகுறையாகத்தான் கேட்டது. சுனாமி வந்தபோது தமக்குப் பத்து வயது என்றும், இரண்டு வருஷம் கடலில் கால் வைக்கவில்லை என்றும் சொன்னார். "எங்கப்பா அன்னிக்கு ஆழக்கடல்ல இருந்தாரு. அங்க ஒண்ணுமே தெரியலையாம். திரும்பி வந்துதான் ஊரு போனதப் பாத்தாரு. பயம் போகவேணாம் தம்பி, இருக்கட்டும். பயத்தோடயே ஒரு அலை பாப்போம்."

உடைந்து நுரையாய் வரும் சின்ன அலை. அண்ணன் பலகையைத் தள்ளிவிட்டார். பையன் எழும்பும் முன்பே கவிழ்ந்தான். உப்புத் தண்ணீர் குடித்துத் துப்பினான். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவதில் முழங்கால் போட்டான். ஏழாவதோ எட்டாவதோ இருக்கும், இரண்டு காலையும் ஊன்றி நின்றான். மூன்று நொடி இருக்கலாம். வாயைத் திறந்தபடி கரையைப் பார்த்துக்கொண்டே வந்து மணல் தட்டி விழுந்தான். மாணவிகள் நாலு பேர் அதற்கு முன்பே நின்றுவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

சாப்பிடும்போது என்னிடம் வந்து சொன்னான்: "சார், கண்மாய்ல தண்ணி நம்மளத் தாங்கும். இங்க தண்ணி நம்மளத் தூக்கிக்கிட்டுப் போகுது." எவ்வளவு சரியான பாடம்! பெயரை எழுதவில்லை, இப்போது கல்லூரி மாணவன், கூச்சப்படுவான்.

தொண்டியில் ஏன் இல்லை?

திரும்பும் ரயிலில் அதே பையன் கேட்ட கேள்வி: "நம்ம தொண்டியில ஏன் சார் இது இல்ல?" நல்ல கேள்வி. நமக்குப் பக்கத்துக் கடல், தேவகோட்டை வழியாகப் போனால் தொண்டிதான். அதற்கான விடை புவியியலில் இருக்கிறது.

அலைச்சறுக்குக்கு ஏற்ற அலைகள் பெரும்பாலும் அருகில் பிறப்பவை அல்ல. கோடை முதல் தென்மேற்குப் பருவம் முடியும் வரை கோவளத்துக்கு வரும் அலைகள் தெற்கே வெகுதொலைவில், இந்துமாக்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருபவை. அந்தப் பாதையில் தொண்டிக்கு முன்னால் இலங்கை குறுக்கே நிற்கிறது. மேலும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதனால் அங்கே அலை அடங்கிவிடுகிறது. இராமேசுவரம் பக்கத்து மக்கள் இதைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வரைபடம் பார்க்காமலே கண்டுகொண்ட உண்மை. அலை இல்லாத அந்தக் கடலுக்கும் வேறு பயன் உண்டு. காற்றும் ஆழக்குறைவும் இருப்பதால் பிரப்பன்வலசைப் பக்கம் துடுப்புப் பலகையும் காற்றுப்பட்டத்தால் இழுபடும் பலகையும் கற்றுத்தருகிறார்கள்.

அதன் பிறகு

கடந்த சில ஆண்டுகளில் நம் கரை வேகமாக முன்னேறியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீகின் தகுதிப் போட்டி ஒன்று மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டியும் அங்கேயே நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை. மாமல்லபுரத்து மீனவர் வீட்டுச் சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் 2020இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு காலத்தில் கட்டுமரம் செய்யத் தெரிந்திருந்த குப்பங்களில் இன்று கண்ணாடியிழைப் படகுகள்தான். கட்டுமரம் போகிறது, அதை ஓட்டிய கண்ணும் கணக்கும் பலகையின் மேல் பிழைத்திருக்கிறது.

ஆனால் கரை இருந்தால்தான் இதெல்லாம். 1989இல் புதுச்சேரியில் துறைமுகச் சுவர் கட்டியபின் அதன் வடக்கே மணல் வருவது நின்று, கடற்கரையே காணாமல் போனதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். கடலுக்குள் எங்கே கல் கொட்டினாலும் வேறு எங்கோ கரை குறையும். பலகையில் நிற்கும் இளைஞர்களும் வலை இழுக்கும் அவர்கள் அப்பாக்களும் இதை முதலில் உணர்கிறார்கள். திட்டம் போடுகிறவர்கள் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு. முதலாவது, நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். கண்மாயோ குளமோ, தெரிந்தவர் துணையோடு கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் கல்லூரிப் பிள்ளைகள் கடற்கரையில் உயிரிழந்த செய்தியைப் படிக்கிறோம். அமைதியாகத் தெரியும் தண்ணீரைப் பற்றிய அந்த ஒரு பாடம் தெரிந்திருந்தால் அவர்களில் சிலராவது வீடு திரும்பியிருப்பார்கள். இரண்டாவது, யாரிடம் எது இருக்கிறதோ அவரிடம் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் வாங்காதவரும் ஆசிரியராக இருக்கலாம். நம் முன்னோர் அவர்கள் வலித்த படகில் ஏறித்தான் கப்பலுக்குப் போனார்கள். அந்தத் துடுப்பின் கணக்கைக் கேட்க நமக்கு நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் பரிசும் உதவித்தொகையும் தருகிறோம். அதோடு, நீச்சல் தெரியாத மாணவ மாணவியருக்கு ஒரு கோடைக்கால நீச்சல் பயிற்சியும், ஆண்டுக்கு ஒருமுறை கடலோர மீனவ நண்பர்களை அழைத்து ஒரு நாள் கடல் பாதுகாப்பு வகுப்பும் ஏற்பாடு செய்யலாம். செலவு பெரிதல்ல. அதற்கென்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வந்தால் என் பங்கை முதலில் தரக் காத்திருக்கிறேன்.